பூர்வீகம் தெரியாத பழைய அமெரிக்கக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுவது எப்படி?

என் மகளின் மாமியார் வட கரோலினாவில் பிறந்து வளர்ந்தவர். முதல் சந்திப்பிலேயே தம் குலப்பெருமையைச் சொல்லிவிட்டார். "எங்கள் வம்சம் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தது. மூன்று சகோதரர்கள் கப்பலேறி வந்தார்கள். ஒருவர் வடக்கே போனார், ஒருவர் தெற்கே போனார், ஒருவர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை." நான் முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். யார் எதைச் சொன்னாலும் "தாய்ப் பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்டே பழகிவிட்டது. அங்கும் கேட்டேன். சம்பந்தியம்மா சிரித்தார். அன்று தொடங்கிய தேடல் ஏழு ஆண்டுகளாக நடக்கிறது.

1776-க்கு முன்பே அமெரிக்காவில் குடியேறி, எங்கிருந்து வந்தோம் என்பதை மறந்துவிட்ட குடும்பங்கள் ஏராளம். அப்படி ஒரு குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்டவர்களுக்கும், பேரப்பிள்ளைக்கு மறுபக்கத்து வம்சாவளியையும் எழுதி வைக்க ஆசைப்படுபவர்களுக்கும் இந்த வழிகாட்டி. பெரும்பாலான வேலையை வீட்டில் கணினி முன் உட்கார்ந்தே செய்யலாம்.

முதல் படி: கதையை எழுதிக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள்

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை, யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்பதோடு குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப பைபிளின் நடுப்பக்கங்களில் பிறப்பு, திருமண, இறப்பு விவரங்கள் எழுதியிருக்கும். முகப்புப் பக்கத்தில் அந்த பைபிள் அச்சான ஆண்டையும் பாருங்கள். 1840-ல் அச்சான பைபிளில் 1770-ஆம் ஆண்டுப் பிறப்பு இருந்தால், அது எழுபது ஆண்டு கழித்து நினைவிலிருந்தோ வேறு ஏட்டைப் பார்த்தோ எழுதியது.

மூன்று சகோதரர்கள் கதையை அதன்பின் எத்தனையோ குடும்பங்களில் கேட்டுவிட்டேன். ஒரே பெயருடைய, ஒட்டுறவில்லாத குடும்பங்களை ஒன்றாகத் தைக்க வசதியான கதை அது. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய குலச்சின்னமும் அப்படித்தான். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் தனிமனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரு பெயர் கொண்ட எல்லோருக்குமாக எதுவும் கிடையாது.

இரண்டாம் படி: 1850 வரை நடந்து வாருங்கள்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கியது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் அந்த ஏடுகள் 72 ஆண்டுகள் கழித்தே திறக்கப்படுகின்றன. இப்போது 1950 வரை பார்க்கலாம். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். 1890-ஆம் ஆண்டு ஏடு 1921 தீ விபத்தோடு போய்விட்டது, அங்கே இருபது ஆண்டு இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். வீட்டுத் தலைவருக்கு யார் என்ன உறவு என்ற விவரம் 1880 முதல்தான் உண்டு. அதற்கு முன் ஒரே வீட்டில் இருப்பவரெல்லாம் பிள்ளை என்று எழுதிவிடக் கூடாது.

வீட்டிலிருந்த சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரும் முதன்முதலாக எழுதப்பட்டது 1850-ல். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அந்த ஏட்டில் வயது, பாலினம், நிறம் ஆகியவை உண்டு, பெயர் இல்லை. தலைப்பில் உரிமையாளர் பெயர் மட்டும் இருக்கும். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் முதன்முறையாக வருவது 1870-ல். அந்தக் கிளையில் தேடுபவர் 1870-லிருந்து உரிமையாளர் குடும்பத்தின் உயில்களுக்கும் சொத்துப் பட்டியல்களுக்கும் போக வேண்டியிருக்கும். மனிதர்களை விலை போட்டு எழுதிய அந்தப் பக்கங்களைப் படிக்க மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

1840-லும் அதற்கு முன்னும் குடும்பத் தலைவரின் பெயரும், இந்த வயதில் இத்தனை பேர் என்ற கோடுகளும்தான். இனி கணக்கெடுப்பை விட்டுவிட்டு நிலத்துக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: ஆளுக்கு முன் ஊரைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. கோர்ட்டு, பத்திரம், வரி எல்லாம் அங்கேதான். ஆனால் குடியேற்றம் மேற்கே நகர நகரக் கவுண்டிகளைப் பிய்த்துக்கொண்டே போனார்கள். சம்பந்தி வீட்டுப் பூர்வீக நிலம் இன்று வட கரோலினாவின் ஃபோர்சைத் கவுண்டியில் இருக்கிறது. அது 1849-ல் ஸ்டோக்ஸிலிருந்து பிரிந்தது. ஸ்டோக்ஸ் 1789-ல் சர்ரியிலிருந்து, சர்ரி 1771-ல் ரோவனிலிருந்து, ரோவன் 1753-ல் ஆன்சனிலிருந்து. ஒரு குடும்பம் திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே ஐந்து கவுண்டிகளில் குடியிருந்திருக்க முடியும். "1771-க்குப் பிறகு ரோவனில் ஆளைக் காணோம், இறந்துவிட்டார்" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் சர்ரி ஏட்டில் வரி கட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே, எந்த ஆண்டில் அந்த இடம் எந்தக் கவுண்டி என்று ஒரு சிறு அட்டவணை போட்டு மேசையில் ஒட்டுங்கள். கூடவே அந்தப் பகுதியின் நில வரலாற்றையும். வட கரோலினாவின் வடபாதி கிரான்வில் பிரபுவின் சொத்தாக இருந்தது. அவர் 1763-ல் இறந்ததும் நில அலுவலகம் மூடப்பட்டது. 1778 வரை அங்கே புதிதாகப் பட்டா வாங்க வழியில்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பட்டா இல்லாமல் குடியிருந்தவர்கள் பலர். பத்திரம் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகாது.

கோர்ட்டு எரிந்துபோன கவுண்டிகளும் உண்டு. உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று வர்ஜீனியாவின் சில கவுண்டிகள் தங்கள் ஏடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்டே எரிந்தது. அங்கெல்லாம் மாநில அளவில் இருந்த பிரதிகளைத் தேட வேண்டும். நில மானியங்கள், 1782 முதலான ஆண்டு வரிப்பட்டியல்கள் ஆகியவை தப்பியிருக்கும். வரிப்பட்டியலை ஏளனமாக நினைக்காதீர்கள். வரிசையாகப் பத்து ஆண்டுகள் படித்தால், ஒரு பையன் எப்போது வரிகட்டும் வயதுக்கு வந்தான், ஒருவர் எந்த ஆண்டு செத்தார், எப்போது அவர் பெயருக்குப் பதில் மனைவி பெயர் ஏறியது என்பதெல்லாம் தெரியும்.

நான்காம் படி: பத்திரத்தைப் படியுங்கள்

இது என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம் இலவசம். பதிவு செய்துகொண்டு, பெயர்த் தேடலை விட்டு, ஊர்வாரியான பட்டியலுக்குள் போங்கள். கவுண்டியின் பத்திர ஏடுகள் படங்களாக இருக்கும். பழைய கையெழுத்தைக் கணினியே படித்துச் சொற்களைத் தேடித்தரும் வசதியும் இப்போது அதில் இருக்கிறது. அதனால் விற்றவர், வாங்கியவர் அட்டவணையில் ஏறாத சாட்சிகளும் பக்கத்து நிலத்துக்காரர்களும் அகப்படுகிறார்கள்.

நம் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லை, எழுதுவோம் அல்லவா, அங்கேயும் உண்டு. "ஓடையின் வடகரையில் ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, தெற்கிலிருந்து கிழக்கே 40 பாகை சாய்ந்து 120 போல் தூரம் இன்னார் மூலை வரை" என்ற வாட்டத்தில் ஓடும். ஒரு போல் பதினாறரை அடி. நான்கு போல் சேர்ந்தால் ஒரு சங்கிலி, 66 அடி. பாகைமானியும் அளவுகோலும் எடுத்து, கட்டம் போட்ட தாளில் அந்த நிலத்தை வரையுங்கள். அதே ஓடைக்கரைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் அதே அளவில் வரைந்து, வெட்டி, மேசையில் பொருத்துங்கள். நான் பதினொரு துண்டுகள் பொருத்தினேன். ஒரு துண்டின் கிழக்கு எல்லையும் இன்னொன்றின் மேற்கு எல்லையும் ஒட்டியபோது, யாருடைய நிலத்தை யார் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்பது எந்த உயிலும் சொல்லாமலே தெரிந்தது.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை வேறும் உண்டு. "அன்பின் காரணமாக" என்று எழுதியிருந்தால் அநேகமாகப் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ கொடுத்தது. விலை ஐந்து ஷில்லிங் என்று இருந்தால் உடனே உறவு என்று குதிக்காதீர்கள். அன்றைய முறைப்படி முதல் நாள் ஓராண்டுக் குத்தகை, மறுநாள் உரிமை விடுதலை என்று இரண்டு பத்திரம் போடுவார்கள். ஐந்து ஷில்லிங் என்பது குத்தகைச் சடங்கு, உண்மையான விலை அடுத்த பத்திரத்தில் இருக்கும். ஒருவர் நிலத்தை விற்கிறார், ஆனால் வாங்கிய பத்திரமே இல்லை என்றால், பட்டாவாக வந்ததா, மாமனார் வழி வந்ததா, தகப்பன் வழி வந்ததா என்று பாருங்கள். மனைவியைக் கணவர் இல்லாத இடத்தில் தனியே விசாரித்து, தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாளா என்று கேட்டு எழுதிய குறிப்பும் இருக்கும். பல பெண்களின் பெயர் பூமியில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரியில்தான்.

உயிலில் பெயர் இல்லாத மகன் மகனே அல்ல என்று முடிவு கட்ட வேண்டாம். வர்ஜீனியாவில் 1785 சட்டம் மாற்றும்வரை, உயில் எழுதாமல் போனால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. அவனுக்குத்தான் வந்துவிடுமே என்று உயிலில் எழுதாமல் விட்டவர்களும் உண்டு. ஒரு ஷில்லிங் மட்டும் பெற்ற பிள்ளை, தன் பங்கை முன்பே வாங்கிக்கொண்டவனாக இருக்கலாம். உயிலைவிட ஏலப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். செத்தவரின் சாமான்களை யார் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று அதில் இருக்கும். பழைய நூற்புச் சக்கரத்தையும் தகப்பனின் சேணத்தையும் எடுக்க வந்தவர்களில் உறவுக்காரர் இல்லாமல் இருப்பாரா?

ஐந்தாம் படி: சொல்லும் தேதியும் ஏமாற்றும்

நமக்குப் பெரியப்பா வேறு, மாமா வேறு. அவர்கள் ஏட்டில் 'கசின்' என்றால் அந்தக் காலத்தில் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'சன் இன் லா' என்பவர் மனைவிக்கு முந்தைய கணவரால் பிறந்த மகனாக இருக்கலாம். 'சீனியர்', 'ஜூனியர்' என்றதும் தகப்பனும் மகனும் என்று கொள்ள வேண்டாம். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருக்கும் மூத்தவர், இளையவர், அவ்வளவே. மூத்தவர் செத்ததும் இளையவர் 'சீனியர்' ஆகிவிடுவார். 'இன்ஃபன்ட்' என்பது கைக்குழந்தை அல்ல, நாம் பத்திரத்தில் மைனர் என்போமே, அது. 'ஆர்ஃபன்' என்றால் தகப்பன் இல்லாத பிள்ளை, தாய் உயிரோடு இருக்கலாம்.

தேதியில் பெரிய பொறி 1752. அதுவரை இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. 1720 டிசம்பரில் எழுதிய உயில் "1720 பிப்ரவரியில்" நிரூபிக்கப்பட்டிருந்தால் பிழை இல்லை, அது நம் கணக்கில் 1721. 1752-ல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆயிற்று. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. அந்தக் காலத்தவர் 1731/2 என்று இரண்டையும் எழுதுவார்கள். உங்கள் ஏட்டிலும் அப்படியே எழுதுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள்.

ஆறாம் படி: ஒரே பெயர்க்காரர்களைப் பிரியுங்கள்

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். ஓர் இணையதளத்தில் நாற்பது பேர் போட்டிருந்த வம்ச மரங்கள் எல்லாவற்றிலும் சம்பந்தி வீட்டு மூதாதை ஜானுக்கு ஒரே தகப்பன். நாற்பது பேர் சொல்கிறார்களே என்று நானும் எழுதிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து, கோர்ட்டின் உதிரித் தாள்களில் இரண்டு அசல் ரசீதுகள் கண்ணில் பட்டன. ஒன்றில் ஜான் அழகாகக் கையெழுத்திட்டிருந்தார். மற்றதில், அதே மாதத்தில், 'ஜான் இட்ட குறி' என்று ஒடிந்த ஏணி போல ஒரு கீறல். இரண்டு ஜான்கள், இரண்டு பேருக்கும் மனைவி பெயர் மேரி. நாற்பது மரங்களும் ஒரே மரத்தைப் பார்த்து நகல் எடுத்தவை. எண்ணிக்கை சாட்சி ஆகாது என்று நான் பிறருக்குச் சொன்னது எத்தனை முறை!

பத்திர ஏட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல், ஆனால் கைநாட்டுக் குறிகளை அவர் பெரும்பாலும் பார்த்து வரைந்திருப்பார். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, தேதி, ஓடை, மனைவி, குறி, சாட்சிகள், அண்டை நிலத்தார் என்று பத்தி பிரித்து எழுதுங்கள். ஜான்கள் தாமாகவே இரண்டு கூட்டமாக விலகுவார்கள்.

காசுக்குப் பொய் வம்சாவளி எழுதிக் கொடுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் அஞ்சூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்கு உயர்குலப் பூர்வீகம் தயாரித்துத் தந்தார். உண்மையான ஆவணங்களுக்கு நடுவே இல்லாத ஒன்றைச் செருகுவது அவர் கைவேலை. பழைய அச்சுப் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக நம்ப வேண்டாம்.

ஏழாம் படி: கூட்டத்தோடு பின்னோக்கிப் போங்கள்

தனி மனிதனின் தடம் அறுந்தால், அவனோடு இருந்தவர்களைப் பிடியுங்கள். ஆட்கள் அக்காலத்தில் தனியாகப் பெயர்வதில்லை. மாமன், மச்சான், சபையார் என்று கூட்டமாகவே வண்டி கட்டினார்கள். வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்குக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் பென்சில்வேனியாவிலிருந்து பெரும் வண்டிப்பாதை வழியாக, வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கைக் கடந்து வந்தவர்கள். எல்லைப்புற வேட்டைக்காரராகப் பேர்பெற்ற டேனியல் பூனின் குடும்பம் அப்படி வந்ததுதான். பூன் குடும்பத்தார் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். குவேக்கர் சபைகள் ஊர் மாறுபவருக்குச் சான்றிதழ் கொடுத்து, அதை ஏட்டிலும் எழுதி வைத்தன. அதனால் அவர்கள் தடம் இங்கிலாந்தின் டெவன் வரை அறுபடாமல் போகிறது. ஜெர்மானியர்களுக்கு வேறு வசதி. பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் 1727 முதல் விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட வேண்டும், அந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் ஊர் எழுத்தரே பிறப்பு, இறப்பைப் பதிந்தார். 1620 முதல் 1640 வரை வந்த ஏறத்தாழ 20,000 பேரைப் பற்றி, 1845-ல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் ஆராய்ந்து வருகிறது. உங்கள் ஆள் அங்கே என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

பொதுவான கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். அரசு அதைத் தொடர்ந்து வாங்கத் தொடங்கியது 1820-ல்தான். வர்ஜீனியாவில் அதற்குப் பதிலாக ஒன்று உண்டு. ஓர் ஆளை அழைத்து வந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்று நிலம் கொடுத்தார்கள், அந்த ஆட்களின் பெயர்கள் நில ஏட்டில் இருக்கும். அந்த உரிமை கைமாறி விற்கப்பட்டதால் வந்த ஆண்டும் ஏட்டின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. எந்தக் கரையிலிருந்து போனவர் என்று அந்த ஏடு சொல்வதில்லை. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூதாதையர் குற்றவாளியாக நாடு கடத்தப்பட்டவர் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கலாம். நீங்கள் உள்ளூர மகிழ்ந்துகொள்ளுங்கள். 1718 முதல் அமெரிக்கப் புரட்சி வரை ஏறத்தாழ 50,000 பேர் அப்படி அனுப்பப்பட்டார்கள். யோக்கியருக்கு இல்லாத வழக்குக் கட்டும் கப்பல் பெயரும் அவர்களுக்கு இருக்கும்.

எட்டாம் படி: கடைசியாகத்தான் கடல்

இங்கிலாந்தின் பங்குத் தேவாலயப் பதிவேடுகள் 1538-ல் தொடங்குகின்றன. அதில் உங்கள் ஆளின் பெயரில் ஒரு ஞானஸ்நானம் கிடைப்பது எளிது. அந்தக் குழந்தை அங்கேயே வளர்ந்து, மணந்து, புதைக்கப்படவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. பிளிமத் குடியேற்றத்தைத் தொடங்கியவர்களை ஏற்றி வந்த மேஃப்ளவர் கப்பலில் 1620-ல் வந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸ் குளோஸ்டர்ஷயர்காரர் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி ஊர்ப் பதிவேட்டில் அவர் பிள்ளைகள் கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் ஆகியோரின் ஞானஸ்நானம் கண்டுபிடிக்கப்பட்டு 1998-ல் வெளியானதும் அந்த நம்பிக்கை சரிந்தது.

அதே கப்பலில் வந்த ரிச்சர்ட் வாரன் கதை இன்னும் நல்ல பாடம். அவர் மனைவி எலிசபெத் யார் வீட்டுப் பெண் என்பது தெரியாமல் இருந்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் கிரேட் ஆம்வெல் ஊரில் 1610-ல் ரிச்சர்ட் வாரன், எலிசபெத் வாக்கர் திருமணம் ஒன்று இருக்கிறது. பெயர் பொருந்துகிறது, ஆனால் அது மட்டும் போதாது. அகஸ்டின் வாக்கர் என்பவர் 1613-ல் எழுதிய உயில்தான் முடிச்சை அவிழ்த்தது. மகள் எலிசபெத் வாரன், அவள் பிள்ளைகள் மேரி, ஆன், சாரா என்று அதில் எழுதியிருக்கிறார். பிளிமத்துக்கு 1623-ல் தாயோடு வந்த ஐந்து பெண்களில் மூத்த மூவரின் பெயர்கள் அவையே. நான்கு நூற்றாண்டுக்குப் பின் பதில் சொன்னவர் மாமனார். ரிச்சர்டின் சொந்தப் பெற்றோர் யார் என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பீர்கள். எச்சில் அனுப்பிச் செய்யும் சாதாரணச் சோதனை ஐந்தாறு தலைமுறைக்கு அப்பால் மெலிந்துவிடும். தகப்பன் வழியில் மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம் சோதனை வேறு. அதே குடும்பப் பெயருள்ள இரண்டு ஆண்களைச் சோதித்து ஒரே வழியா இல்லையா என்று பிரிக்கலாம். தாய்வழிச் சோதனை, ஆப்ரகாம் லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸ் யார் மகள் என்ற பழைய சண்டையில் 2015-ல் லூசி ஹாங்க்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. இந்தச் சோதனைகள் உறவு உண்டா என்று சொல்லும், ஊரைச் சொல்லாது.

சம்பந்தி வீட்டு ஜானுக்கு ரோவனில் அண்டை நிலத்தார் ஒன்பது பேர். அவர்களில் நான்கு பேரை வர்ஜீனியாவின் அகஸ்டா கவுண்டியில் ஒரே ஓடைக்கரையில் கண்டேன். அந்த நால்வரில் ஒருவர் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஒரு பத்திரத்துக்குச் சாட்சி. அவர் பெயர் அசல் வெல்ஷ் பெயர். சம்பந்தியம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. லங்காஸ்டர் 1729-ல் செஸ்டரிலிருந்து பிரிந்தது, செஸ்டரின் வரிப்பட்டியல்களை இந்த வாரம்தான் திறந்திருக்கிறேன்.